வாத்தியார்கிட்ட கேளுங்க: "எங்க காடு கருப்பா இருக்குதே சார்!"

போன இதழ்ல நம்ம பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து போர்வெல் கதைய எழுதறப்போ, போற போக்குல 'நம்ம புள்ளைங்க நாலு பேராச்சும் புவியியல் வாத்தியாரா வரணும்'னு ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு இத்தன கடுதாசி வரும்னு நினைக்கலைங்க. பாதி பேரு எழுதினது மனசு விட்டு, மீதி பேரு 'சம்பளம் எவ்வளவு'ன்னு. ரெண்டும் நியாயமான கேள்விதான். எல்லாத்துக்கும் இடமில்ல, அதனால இந்த தடவை பொறுக்கி எடுத்த ஆறு கேள்வி மட்டும்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேன் சார். சித்தூர் காலேஜ்ல பி.எஸ்சி ஜியாகிரபி கடைசி வருஷம். ஹைஸ்கூல் டீச்சர் ஆகணும்னு சின்ன வயசுல இருந்தே ஆசை. அப்பா தமிழ்நாட்டுப் பக்கம் போயிருங்கறார், மாமா கேரளாவுலயே இருங்கறார். எந்தப் பக்கம் போறது, எதைப் படிக்கிறது?

அம்மணி, நம்ம ஊர்ல பஸ் ஸ்டாப்புல நின்னா இந்தப் பக்கம் வர்ற பஸ்ஸு பாலக்காடு, அந்தப் பக்கம் வர்றது பொள்ளாச்சி, வேலையும் அப்படித்தான், ஏறுறதுக்கு முன்னாடி போர்டைப் படிக்கணும்.

கேரளாவுல ஹைஸ்கூல்னா எட்டு ஒம்பது பத்து. அங்க புவியியலுக்குன்னு தனி வாத்தியார் போஸ்ட் கிடையாது, சோஷியல் சயின்ஸ் போஸ்ட்டுலதான் உள்ள போகணும். டிகிரி, பி.எட், அதுக்கு மேல கே-டெட்ங்கற கேரளா ஆசிரியர் தகுதித் தேர்வுல மூணாவது கேட்டகிரி. அது 150 மார்க் பரீட்சை, அதுல 40 மார்க் வளர் இளம் புள்ளைங்க மனோதத்துவமும் கத்துக்குடுக்கற முறையும், 30 மார்க் மொழி, 80 மார்க் பாடம். மொழியில தமிழ் எடுத்துக்கலாம். இதெல்லாம் பாஸ் பண்ணினா பி.எஸ்.சி-ங்கற கேரளா அரசுப் பணியாளர் தேர்வாணையப் பரீட்சை எழுத ஒரு டிக்கெட் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான், வேலை கிடைச்சதா அர்த்தமில்ல. தமிழ் மீடியம் போஸ்ட்டை பி.எஸ்.சி தனியா கூப்பிடும், நம்ம பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும். அடிக்கடி வராது, வந்தாலும் போஸ்ட் கொஞ்சம்தான், ஆனா போட்டிக்கு வர்ற ஆளுங்களும் கொஞ்சம்தான். நோட்டிஃபிகேஷனை வரி வரியா படிங்க, 'எனக்குத் தெரிஞ்சவங்க சொன்னாங்க'ன்னு அப்ளை பண்ணி கடைசியில சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல திரும்பி வந்தவங்க கதை என்கிட்ட நெறைய இருக்கு.

தமிழ்நாட்டுப் பக்கம்னா பட்டதாரி ஆசிரியர் போஸ்ட். அங்கத்த ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்ல ரெண்டாவது தாள், அப்புறம் டி.ஆர்.பி-ங்கற ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தற பரீட்சை. டெட்ல சமூக அறிவியலுக்கு 60 மார்க், அதுலயும் புவியியல் ஒரு பங்குதான், நீங்க மேப்பை மட்டும் கரைச்சுக் குடிச்சுட்டுப் போனீங்கன்னா அசோகரும் அரசியல் சட்டமும் வாசல்ல நின்னு மறிச்சுக்குவாங்க. இன்னொன்னு, நீங்க கேரளாக்காரங்கன்னா அங்க இடஒதுக்கீடு கிடைக்காது, பொதுப்பிரிவுலதான் போட்டி போடணும், அப்பாகிட்ட இதைச் சொல்லிருங்க. பின்னால எம்.எஸ்சி ஜியாகிரபி முடிச்சீங்கன்னா அங்க ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு முதுகலை ஆசிரியர் வழியும் இருக்கு, அதுல நீங்க கிளாஸ்ல நடத்தறது முழுக்க உங்க பாடம்தான்.

என்னைக் கேட்டா, கேரளாவுலயே பி.எட் பண்ணுங்க, ரெண்டு பக்கத்து டெட்டும் எழுதி வச்சுக்குங்க. பி.எட் இப்போ ரெண்டு வருஷம், ரெண்டாவது வருஷத்துல 16 வாரம் ஸ்கூல்லயே போய் நிக்கணும். அந்த 16 வாரம்தான் நெசமான படிப்பு, மீதி எல்லாம் ரெக்கார்டு எழுதறது. லெசன் பிளான்ல கலர் பேனா போடறதுல காட்டற அக்கறையை கொஞ்சம் ஊரைச் சுத்திப் பாக்கறதுலயும் காட்டுங்க.

ஏன் சொல்றேன்னா, எனக்கு நடந்த கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், எட்டாங்கிளாஸ், மண் வகைகள் பாடம். நான் புஸ்தகத்தைப் பாத்து 'கேரளாவுல செம்மண்ணு, லேட்டரைட் மண்ணு, கடலோரம் மணல்'னு போர்டுல எழுதிட்டு ஜம்முனு திரும்பினா, எருத்தேம்பதியில இருந்து வர்ற ஒரு பையன் கைய தூக்கறான், "சார், எங்க காடு கருப்பா இருக்குதே." நான் என்ன பண்ணேன்னா, 'அது எரு போட்ட கருப்புடா, உக்காரு'ன்னு உக்கார வச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஞாயித்துக்கிழமை சைக்கிள் எடுத்துட்டு அவன் காட்டுக்கே போயிட்டேன், வெயில்ல கை நுழையற அளவுக்கு வெடிச்சுக் கெடக்குது, அப்படியே கரிசல் மண்ணு. கேரளாவுலயே கரிசல் மண்ணு இருக்கறது நம்ம சித்தூர் தாலுக்காவுலதான், அதுவும் எனக்குத் தெரியல, டிகிரி மட்டும் இருந்துச்சு. திங்கக்கிழமை அவன்கிட்ட கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் 'நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு'ன்னு சொன்னேன், அன்னைல இருந்து அந்த கிளாஸ் என் கிளாஸ் ஆயிருச்சு.

அதனால ரெண்டு வருஷத்துல ஒரு நோட்டுப் போடுங்க. மண்ணு எங்க நெறம் மாறுது, எந்த கிணத்துல எத்தன அடியில பாறை தட்டுச்சு, எந்த மாசம் காத்து எந்தப் பக்கம் அடிக்குது. மேற்குத் தொடர்ச்சி மலையில அத்தன நீளத்துக்கு ஒரே பெரிய வாசல் நம்ம பாலக்காட்டுக் கணவாய்தான், 30 கிலோமீட்டர் வாக்குல அகலம், வடக்க நீலகிரி, தெக்க ஆனைமலை. ஜூன்ல அது வழியா மேக்க இருந்து ஈரக்காத்து, மார்கழி தை மாசம் கெழக்க இருந்து வறண்ட காத்து, உதடு வெடிக்கும் பாருங்க. கேரளா மொத்தத்துக்கு சராசரி மழை வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் வாக்குல, கோயம்புத்தூர்ல 600, 700தான். நாம அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல உக்காந்திருக்கோம். வடகரப்பதியில எதுக்கு லாரித் தண்ணி, மூலத்தறை தடுப்பணைக்கு வர்ற 7.25 டி.எம்.சி தண்ணிக்கு எதுக்கு வருஷா வருஷம் ரெண்டு மாநிலமும் மல்லுக்கட்டுது, பிளாச்சிமடையில கோக் கம்பெனி தண்ணி உறிஞ்சறதை எதிர்த்து எதுக்கு ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க, எல்லாம் இதுல இருந்து கிளம்பற கதைதான். இதைச் சொல்லாம பருவக்காத்துப் பாடம் எடுத்தா அது பாடமா?

கேள்வி: வேலந்தாவளம் பையன் நான். இரிஞ்ஞாலக்குடையில எம்.எஸ்சி ஜியாலஜி படிக்கிறேன். டீச்சிங்தான் பிடிச்சிருக்கு. பிரெண்ட்ஸ் எல்லாம் 'ஜியாலஜி படிச்சிட்டு வாத்தியாரா? மைன்ஸுக்குப் போடா'ங்கறாங்க. அமெரிக்காவுல இருக்கற எங்க அக்கா, அங்க ஸ்கூல்லயே எர்த் சயின்ஸ்னு தனிப் பாடம் இருக்குன்னு சொல்றா. நம்ம ஊர்ல ஏன் இல்ல?

அக்கா சொல்றது சரிதான் தம்பி. அங்க பாறை, நிலநடுக்கம், வானிலை, கடல், நட்சத்திரம் எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டு எர்த் சயின்ஸ்னு ஹைஸ்கூல்ல நடத்துவாங்க, வாத்தியாரா வர பல மாநிலங்கள்ல அந்தப் பாடத்துக்கே தனியா ஒரு தகுதிப் பரீட்சை உண்டு. நம்மகிட்ட அதே கூடைய கொட்டிக் கலைச்சு வச்சிருக்காங்க. பாறை சோஷியல் சயின்ஸ்ல, தனிமம் கெமிஸ்ட்ரில, கிரகம் பிசிக்ஸ்ல, நிலக்கரி எகனாமிக்ஸ்லயும் வரும். ஒரு புள்ள பத்தாவது முடிக்கறப்போ பூமியப் பத்தி நாலு வாத்தியார்கிட்ட நாலு துண்டா கேட்டிருக்கும், ஒட்ட வைக்க ஆளில்ல.

பேர்லயே குழப்பம் பாருங்க, தமிழ்ல புவியியல்னா ஜியாகிரபி, உங்க படிப்பு நிலவியல். 'நிலாவைப் பத்திப் படிக்கிறியா'ன்னு என் மச்சான் ஒருத்தர் கேட்டார்.

உங்களுக்கு வாசல் ஹைஸ்கூல் இல்ல, அதுக்கு அடுத்த படி. கேரளாவுல ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுல ஜியாலஜி தனிப் பாடமாவே இருக்கு, தமிழ்நாட்டு ஸ்கூல்ல அது கிடையாது. எம்.எஸ்சி, பி.எட், ப்ளஸ் டூ வாத்தியாருக்கான செட் தகுதிப் பரீட்சை, அதுக்கு மேல பி.எஸ்.சி. இருக்கற ஸ்கூல் குறைவு, அதனால போஸ்ட்டும் குறைவு, பொய் சொல்ல மாட்டேன். பி.எட் சேர்றதுக்கு முன்னாடி எந்தப் பாடத்துல சேர்த்துக்குவாங்க, அது எந்த போஸ்ட்டுக்கு செல்லும்னு யுனிவர்சிட்டில எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. அப்புறம் மைன்ஸ் விஷயம். ஒரு ரெண்டு வருஷம் போய்ட்டு வாங்களேன், என்ன கெட்டுப்போச்சு? ஸ்டீல்தொப்பி போட்ட வாத்தியார் சொல்ற பாறைக்கதைக்கு தனி மரியாதை இருக்கு. வாளையார் பக்கத்துல சிமெண்டுக்கு சுண்ணாம்புக்கல் எடுத்தாங்களே, அந்த மாதிரி ஒரு குவாரிய உள்ள நின்னு பாத்தவன் சொன்னா எந்தப் புள்ளையும் மறக்காது.

கேள்வி: மூணார்ல எஸ்டேட் லயத்துல வளர்ந்தவ நான். பி.எட் டீச்சிங் பிராக்டிஸ் எங்க ஊர் பக்கத்து தமிழ் மீடியம் ஸ்கூல்லயே போட்டிருக்காங்க. எனக்கு வந்த யூனிட் நிலச்சரிவு. கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு பெட்டிமுடி நிலச்சரிவுல சொந்தக்காரங்க போயிட்டாங்க. எப்படி சார் எடுக்கறது? வேற யூனிட் கேட்டு வாங்கிக்கலாமா?

மாத்திக்காதீங்க கண்ணு. ஆனா நாளைக்கே எடுக்காதீங்க.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, 70 உசுரு, அத்தனையும் நம்ம தோட்டத் தொழிலாளி சனம். அதைப் பத்தி அந்தப் புள்ளைக்கு நீங்க சொல்லித்தர ஒண்ணுமில்ல. முதல்ல கிளாஸ் டீச்சர்கிட்டயும் வீட்டுலயும் பேசுங்க, அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட தனியா, 'அடுத்த வாரம் இந்தப் பாடம் வருது, நீ கிளாஸ்ல இருக்கணும்னாலும் சரி, லைப்ரரில இருக்கணும்னாலும் சரி'ன்னு சொல்லிடுங்க. முடிவு அவளோடது. வீடியோ, போட்டோ வேண்டவே வேண்டாம், மீட்பு வேலைப் படம் கண்டிப்பா வேண்டாம். 'உனக்கு என்ன ஞாபகம் இருக்கு'ன்னு கேக்காதீங்க, நல்ல எண்ணத்துலதான் கேப்பாங்க, நான் பாத்திருக்கேன், ஒரு வாத்தியார் அப்படிக் கேட்டு ஒரு புள்ள மூணு நாள் ஸ்கூலுக்கு வரல.

பாடத்தை 1924-ல இருந்து ஆரம்பிங்க. மலையாளத்துக்காரங்க தொண்ணூத்தொன்பதுல வந்த வெள்ளம்னு சொல்லுவாங்க, கொல்லம் ஆண்டு 1099. மூணார்ல அப்போ ஓடிட்டிருந்த குட்டி ரயில் அந்த வெள்ளத்துல போனதுதான், திரும்பி வரல. பழைய கதைன்னா புள்ளைங்க தைரியமா கேள்வி கேக்கும்.

காரணத்தை நேரா சொல்லுங்க. கீழ பாறை, மேல மண்ணு, சரிவு. காஞ்ச மண்ணு துகளுக்குத் துகள் பிடிச்சு நிக்கும், நாள்கணக்கா மழை இறங்கினா துகளுக்கு நடுவுல தண்ணி நெறஞ்சு உள்ள இருந்து தள்ளும், பிடி விட்டுப்போகும், பாறை மேல இருந்து மொத்தமா வழுக்கும். மரத்தை எடுத்தது, சரிவை வெட்டி ரோடு போட்டது, தண்ணி போற பள்ளத்தை அடைச்சது, இதெல்லாம் சேர்ந்தா இன்னும் மோசம். நம்ம சனம் 'உருள்பொட்டல்'னுதான் சொல்லும், புஸ்தகத்துல நிலச்சரிவுன்னு இருக்கும், ரெண்டையும் போர்டுல எழுதுங்க. நெசத்துக்கு உருள்பொட்டல்ங்கற வார்த்தைதான் கண்ணுல படம் காட்டுது.

கடைசி பத்து நிமிஷம் இதுக்குன்னே வைங்க: ஓடைத்தண்ணி திடீர்னு கலங்கினா, இல்ல மழை பெய்யறப்பவே திடீர்னு குறைஞ்சா, மேட்டுல புதுசா வெடிப்பு விழுந்தா, மரமோ போஸ்ட்டோ சாஞ்சா, கதவு திடீர்னு இறுகினா, மேல இருந்து உறுமற சத்தம் வந்தா, சாமான் எடுக்க நிக்காம ஓடைப்பள்ளத்தை விட்டு பக்கவாட்டுல மேட்டுக்கு ஓடணும். இதை அந்தப் புள்ளைங்க வீட்டுல போய்ச் சொல்லும். உங்க லெசன் பிளான்ல 'நோக்கம்'னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன வேணா எழுதிக்குங்க.

கேள்வி: நகரி பக்கத்துல இருந்து எழுதறேங்க. வீட்டுல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு. சோஷியல் டீச்சர் வேலைக்குத் தயார் ஆகறேன். பசங்கள ஃபீல்டு ட்ரிப் கூட்டிட்டுப் போக எங்க பக்கம் என்ன இருக்கு?

திருப்பதிய பக்கத்துல வச்சுக்கிட்டு இப்படிக் கேக்கறீங்களே! மலைப்பாதையில பஸ் ஏறறப்போ வலப்பக்கம் இடப்பக்கம் வெட்டின பாறையப் பாருங்க. கீழ பழைய கிரானைட், மேல படுக்கைப் படுக்கையா குவார்ட்சைட், ரெண்டும் சேர்ற கோட்டுக்கு நடுவுல பல கோடி வருஷம் காணாமப் போயிருக்கு, அந்தக் காலத்துக்கான பாறையே அங்க இல்ல. ஒரு புஸ்தகத்துல நடுப்பக்கங்களைக் கிழிச்சா எப்படி இருக்கும், அப்படி. மேல சிலாதோரணம், காத்தும் தண்ணியும் அரிச்ச இயற்கை வளைவு. ரெண்டுமே தேசிய நிலவியல் சின்னம். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு. எங்க பக்கத்துப் புள்ளைங்கள நான் அங்காடிப்புரம் கூட்டிட்டுப் போவேன், வெட்டுக்கல்லுக்கு லேட்டரைட்னு பேர் வர்றதுக்குக் காரணமான ஊர், புக்கானன்னு ஒரு வெள்ளைக்காரர் அதைப் பாத்துட்டு 1807-ல வந்த புஸ்தகத்துல எழுதினார். செங்கல்லுக்கு லத்தீன்ல இருக்கற வார்த்தையில இருந்து வச்ச பேர்.

கேள்வி: பூமிக்கு அடியில லாவா கடல் இருக்கு, அது மேல தட்டுகள் மிதக்குதுன்னு எங்க மேடம் சொல்லிக்குடுத்தாங்க. நானும் மாடல் கிளாஸ்ல அதையே சொன்னேன், வந்திருந்த எக்ஸ்பர்ட் திட்டிட்டார். எது சரி? (மீனாட்சிபுரம்)

எக்ஸ்பர்ட் சரி, திட்டினது தப்பு. தட்டுக்குக் கீழ இருக்கற மேன்டில் பெரும்பாலும் திடம்தான், கடல் இல்ல. ஆனா அந்த சூட்டுலயும் அழுத்தத்துலயும் ரொம்ப மெதுவா நகரும். ரோடு போடற தார் உருண்டையைப் பாத்திருக்கீங்களா, சுத்தியல்ல அடிச்சா ஒடையும், அதையே வெயில்ல மாசக்கணக்குல போட்டா தானா பரந்து உக்காந்திருக்கும். அதைக் கொண்டுபோய் மேஜை மேல வைங்க. நம்ம இந்தியத் தட்டு வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் வாக்குல நகருது, ஏறக்குறைய நகம் வளர்ற வேகம். அப்படியே 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர் பக்கத்துல ஆறு அளவுல வந்த நிலநடுக்கத்தையும் சொல்லுங்க, 'பூகம்பம் எல்லாம் குஜராத்துலதான் சார்'ங்கற பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

கேள்வி: எங்க ஸ்கூல்ல லேப் இல்ல, குளோப் ஒண்ணு இருக்கு, அதுலயும் ஆப்பிரிக்கா கிழிஞ்சிருச்சு. கெஸ்ட் டீச்சரா சேர்ந்திருக்கேன், கையில பெருசா காசும் இல்ல. என்னத்தை வச்சு பாடம் நடத்தறது? (கோவிந்தாபுரம்)

ஆப்பிரிக்கா கிழிஞ்சா ஒட்டிக்கலாம் தம்பி. நான் ஆயிரம் ரூபாய்க்குள்ள ஓட்டினவன், சொல்றேன்.

மேல கீழ ஒரே அகலமா இருக்கற பாட்டில் ஒண்ண வெட்டி, மேல்பாகத்தைக் கவுத்து புனல் மாதிரி வச்சு, பக்கத்துல ஸ்கேல் ஒட்டினா மழைமானி. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உங்க ஸ்கூல் கூரை 200 சதுர மீட்டர்னு வைங்க, ஒரு நாள் 25 மில்லிமீட்டர் பெஞ்சா 5000 லிட்டர், ஒரு சின்ன டேங்கர் லாரி. இதைப் பசங்களே கணக்குப் போட்டு ஹெட்மாஸ்டர்கிட்ட கொண்டுபோய் நீட்டினாங்க, அந்த வருஷமே மழைநீர்த் தொட்டி வந்துருச்சு எங்க ஸ்கூல்ல.

கல்லுக்கு க்ரஷர்ல போய்க் கேளுங்க, சும்மாவே தருவாங்க. கணவாய்த் தரையில கிடைக்கறது கருப்பும் வெள்ளையுமா வரி வரியா இருக்கற நைஸ், நெல்லியாம்பதி மலையில கிடைக்கறது எண்ணெய் தடவின மாதிரி மினுங்கற சார்னோகைட். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்ங்கற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியோட கல்லறையில இருக்கற கல்லு நம்ம சென்னைப் பக்கத்து மலையில இருந்து போனது, அதை வச்சுத்தான் அந்தப் பேரு, புள்ளைங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். கரிசக்காட்டுல பொறுக்கற சுக்கான்கல்லு மேல எலுமிச்சை ஊத்துங்க, பொங்கும். தயவு செஞ்சு பாத்ரூம் ஆசிட் கொண்டுவராதீங்க. மேப்புக்கு, சர்வே ஆஃப் இந்தியா பழைய டோப்போ ஷீட்ல நம்ம பாலக்காடு 58 பி-யில வரும், சம உயரக்கோடு புரியலைன்னா ஒரு உருளைக்கிழங்கைப் பாதியா வெட்டிக் கவுத்து வச்சு, வட்டம் வட்டமா அறுத்து ஒவ்வொண்ணையும் பேப்பர்ல வரைஞ்சு பாக்கச் சொல்லுங்க, பாடம் முடிஞ்சதும் கிழங்கு சத்துணவுக்கு.

கடைசியா ஒண்ணு, காசே வேண்டாத ஒண்ணு. நம்ம ஊர் பத்தே முக்கால் டிகிரி வடக்குல இருக்கறதால வருஷத்துல ரெண்டு நாள் சூரியன் நேரா தலைக்கு மேல வரும், ஏப்ரல் 18 வாக்குல ஒரு தடவை, ஆகஸ்ட் 24, 25 வாக்குல ஒரு தடவை. கிரவுண்டுல ஒரு கம்பிய நேரா நட்டு வச்சா நிழலே விழாது. சரியா 12 மணிக்கு இல்ல, 12.20-ல இருந்து 12.25-க்குள்ள, ஏன்னா நம்ம கடிகாரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்காரங்களோட கடிகாரம், நாம அவங்களுக்கு மேக்க இருக்கோம். இந்த ஒரு கம்பியில அட்சரேகை, தீர்க்கரேகை, பருவகாலம் மூணும் முடிஞ்சிரும். சிக்கல் என்னன்னா, ஏப்ரல்ல ஸ்கூல் லீவு, ஆகஸ்ட்ல மேகம், சில வருஷம் ஓணம் லீவு வேற. என் சர்வீஸ்ல ரெண்டே ரெண்டு தடவைதான் பசங்களோட சரியா பாத்தேன். இப்போ ரிட்டையர் ஆனதுக்கப்புறம் வருஷா வருஷம் ஏப்ரல்ல எங்க மொட்டை மாடியில கம்பி நடறேன், வீட்டுக்காரி கீழ இருந்து 'சோறு ஆறுது'ன்னு கத்திட்டே இருப்பா.

(அடுத்த இதழ்ல கெணறு, போர்வெல் பத்தின கேள்விங்க. 'எங்க தோட்டத்துல எத்தன அடியில தண்ணி'ன்னு மட்டும் கேக்காதீங்க, நான் தேங்காய் உருட்டிப் பாக்கறவன் இல்ல.)